திங்கித் தீவில் எரிமலையைத் தேடி

"அது பழைய எரிமலை தம்பி. உச்சியில இன்னும் வாய் இருக்கு" என்றார் மலேசியாவின் மெர்சிங் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்த அண்ணன்.

"நீங்க ஏறிப் பார்த்திருக்கீங்களாண்ணே?"

"இல்ல. எல்லாரும் சொல்லுவாங்க."

இரண்டு ரொட்டி, பருப்புக் குழம்பு, ஒரு தே தாரேக் தேநீர். ஆறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துவிட்டு எழுந்தேன். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி, ஜெமாலுவாங் வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். வழிநெடுக இருபுறமும் செம்பனை. அவ்வளவு தூரம் வந்ததே அந்த 'வாய்' இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

மெர்சிங் ஜெட்டி ஆற்றுக்குள் இருக்கிறது. முகத்துவாரம் ஆழம் குறைவு, நீர் ஏறினால்தான் படகு வெளியேறும். அதனால் இங்கே கடிகாரத்தைவிட ஓத அட்டவணைக்கு மதிப்பு அதிகம். மே மாதம், கடல் அமைதி. நவம்பரிலிருந்து வாடைப் பருவக்காற்று அடிக்கும்போது தீவுப் பயணங்கள் ஏறக்குறைய நின்றுபோகும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். தீவுக்கு அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் ஏற்றிப்போன ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்), போகவர நூறு வெள்ளிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஆற்றின் தேநீர் நிறம் முதலில் பச்சையானது, பிறகு நீலமானது. இடப்பக்கம் பெசார் தீவும் அதையொட்டித் தெங்ஙா தீவும் கடந்தன. வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களுக்கு ஒரு காலத்தில் முகாமாக இருந்தது தெங்ஙா. இன்று கண்ணுக்குத் தெரிந்தது வெள்ளை மணலும் தென்னையும் மட்டுமே.

அதற்குள் நேர் எதிரே திங்கி எழுந்துவிட்டது. மலாயில் 'திங்கி' என்றால் உயரம். 600 மீட்டருக்கும் மேற்பட்ட ஒற்றை மலை, சரிவுகள் இரண்டும் கடல்வரை இறங்க, உச்சியில் ஒரு துண்டு மேகம். புகை என்றே முதலில் நினைத்தேன். சீனக் கடலோடி செங் ஹோவின் பயணங்களை ஒட்டியதாகக் கருதப்படும் மாவ் குன் வரைபடத்தில் இந்தத் தீவுக்குப் பெயர் 'தளபதியின் தொப்பி'. அப்பெயரை வைத்தவர்களும் படகிலிருந்து இதே கோணத்தில்தான் பார்த்திருப்பார்கள். வரைந்து காட்டச் சொன்னால் குழந்தை எரிமலையை இப்படித்தான் வரையும்.

மெர்சிங்கிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மணி நேரத்துக்குள் கரை வந்தது. படகுத்துறையின் கீழே நீர் கண்ணாடி மாதிரி. மரத்தூண்களைச் சுற்றி வரிவரியாக மீன்கள், பிடிக்க யாரும் இல்லை. 1994-இல் இந்தத் தீவைச் சுற்றியுள்ள கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தாழ்நீர்க் கோட்டிலிருந்து 2 கடல்மைல்வரை மீன்பிடிக்கத் தடை.

கம்பத்தில், அதாவது தீவின் கிராமத்தில், கால்தூக்கிய மரவீடுகள், பலா, தென்னை, வெயிலில் காயும் கருவாட்டின் வாசம். மதியம் நீர் வடிந்தபோது பாக்சிக் கடல்புல் திட்டைக் காட்டினார். முழங்கால் ஆழத்தில் பச்சைப் புல்வெளி. அதன் நடுவே ஒரு சாண் அகலத்தில், புல் வேரோடு பிடுங்கப்பட்ட வளைவான தடம். "டூயோங்" என்றார். நம் இராமநாதபுரம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு. பாக் விரிகுடாவில் அதற்காகவே 448 சதுர கிலோமீட்டரில் ஒரு காப்பகத்தைத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. அங்கும் இங்கும் அதற்கு உணவு இந்தப் புல்தான். விலங்கு கண்ணில் படவில்லை. அது மேய்ந்துபோன தடத்தின் ஓரத்தில் கலங்கிய மண் இன்னும் முழுதாகப் படியவில்லை.

பிறகு கரையோரமாக நடந்தேன். சிப்பியும் நெகிழிப் புட்டிகளும் ஒதுங்கிய வரியில் சாம்பல் நிறத்தில் ஒரு கல். உள்ளங்கையில் எடையே தெரியவில்லை. உடல் முழுக்கத் துளை. பின்னால் வந்த பையன் ஒருவன், "எரிமலைக் கல்! மேலேயிருந்து வந்தது" என்று மலையைக் காட்டினான். கல்லைத் திருப்பினேன். அடியில் கொட்டலசுகள் ஒட்டியிருந்தன. மலையிலிருந்து உருண்ட கல்லில் கொட்டலசு ஏது? இது மிதந்து வந்த நுரைக்கல். 2021 ஆகஸ்டில் ஜப்பானுக்குத் தெற்கே ஃபுகுதோகு ஒகனோபா என்ற கடலடி எரிமலை வெடித்தபோது, அதன் நுரைக்கற்கள் ஒகினாவாவையும், மாதங்கள் கழித்துத் தாய்லாந்துக் கரையையும் தொட்டன. என் கையிலிருந்தது எந்த மலையின் கல்லோ, இந்த மலையின் கல் இல்லை.

மணல் முடிந்து பாறை தொடங்கும் முனைக்குப் போனேன். காலில் சூடு தாங்கவில்லை, செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். கரும்பச்சைப் பாறை. அலை நனைத்த இடத்தில் உற்றுப் பார்த்தால், கடலைமிட்டாயில் கடலை பதிந்திருப்பதுபோல் கூர்முனைத் துண்டுகள் உள்ளே பதிந்திருந்தன; சில வெளிர், சில கருமை. ஆற்றுக்கல்லாக இருந்தால் உருண்டு வழவழப்பாகியிருக்கும். இவை உடைந்த கையோடு எரிமலைக் குழம்பிலும் சாம்பலிலும் சிக்கி இறுகியவை. ஜொகூரின் இந்தத் தீவுகள் பலவற்றில் எரிமலைப் பாறைகளைப் புவியியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவை பல கோடி ஆண்டுகள் பழையவை. ஆக, தீ இங்கே இருந்தது உண்மை.

வாய்? அதற்காக ஓடையைப் பிடித்து மேலே ஏறினேன். இருபது நிமிடத்தில் வெயில் மறைந்தது. ஈர இலை வாசம், பலகை மாதிரி விரிந்த வேர்கள், காதைத் துளைக்கும் சில்வண்டு. அருவி என்று சொல்லப்பட்ட இடத்தில் பாறைமேல் விரல் தடிமனுக்கு நீர் வழிந்தது. பாறையின் விரிசலெல்லாம் வேர் புகுந்திருந்தது. கையால் தட்டியபோது ஒரு பாளம் பெயர்ந்து பொடியானது. ஓடை ஒரு மழைக்கு எவ்வளவு மண்ணை இறக்குகிறது என்பது கீழே சேறாகக் குவிந்துகிடந்தது. ஆண்டு முழுதும் மழை பெய்யும் நிலநடுக்கோட்டு நாட்டில், அத்தனை கோடி ஆண்டு மழைக்கு எந்த எரிமலை வாய் தாக்குப்பிடிக்கும்? நாம் பார்க்கும் தொப்பி, அரிப்புக்கு மிஞ்சிய கடினப் பாறையின் வடிவம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இங்கே கடலே இல்லை. மெர்சிங்கிலிருந்து இந்த மலைக்கு நடந்தே வந்திருக்கலாம். தீவாக்கியது பின்னால் ஏறிவந்த நீர்.

இருட்டுமுன் திரும்ப வேண்டியிருந்ததால் உச்சிவரை போகவில்லை. நுரைக்கல்லை எடுத்த வரியிலேயே வைத்தேன். பாறையில் ஒரு துண்டும் உடைக்கவில்லை.

மறுநாள் காலை அதே கடையில் அண்ணன் கேட்டார், "வாய் இருந்துச்சா?" கைப்பேசியில் முனைப் பாறையின் படத்தைக் காட்டினேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, அந்தக் கூர்முனைத் துண்டுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.