ஏலத்துக்குப் போகும் வில்

மார்ச் 8, வெள்ளி. மிசௌரி
கடைசிப் பூச்சும் காய்ந்துவிட்டது. ஓசேஜ் ஆரஞ்சு மரம். வில்லின் முதுகு முழுக்க ஒரே ஆண்டு வளையம்; முடிச்சு வந்த இடத்தில் மட்டும் சீவாமல் மேடாகவே விட்டிருக்கிறேன். அங்கே வளையத்தை அறுத்தால் வில் ஒருநாள் அங்கேதான் முறியும். 28 அங்குல இழுப்பில் 47 பவுண்டு. நாளை சங்கத்தில், கேட்பவர்கள் பெயரும் தொகையும் எழுதும் ஏலத் தாளோடு மாட்டவேண்டும்.

மார்ச் 9, சனி
ஆரம்ப விலை 250 டாலர் என்று எழுதினேன். "ஒரு டாலரில் தொடங்கு, குறைந்தபட்ச விலையை மனசுக்குள் வைத்துக்கொள்" என்றார் ஒருவர். மனசுக்குள் இருக்கும் விலையைக் கேட்க வருகிறவன் எப்படி அறிவான்? 30 பவுண்டும் அதற்கு மேலும் இழுக்கும் வில்லைச் செய்து விற்றால் மத்திய அரசுக்கு 11 சதவீத வரி உண்டு. வரி, மரம், நாண், கைப்பிடித் தோல் எல்லாம் போக, 250க்குக் கீழே என் உழைப்புக்கு ஒன்றும் நிற்காது.

தாளில் குறைகளையும் எழுதினேன்: நாணைக் கழற்றிய பிறகும் ஓர் அங்குலம் வளைந்தே நிற்கிறது, கைப்பிடியருகே மரம் காய்ந்தபோது விழுந்த மயிரிழை விரிசல், பசை ஊற்றி அடைத்தது.

மார்ச் 12, செவ்வாய்
தாளில் இரண்டு பெயர், 270 வரை. மாலையில் தொலைபேசி: "நானூறு தருகிறேன், தாளைக் கழற்றிவிடு." முதல் பெயர் விழுந்தபிறகு அதைக் கழற்ற எனக்கு உரிமையில்லை. பணம் இருந்தால் அவரும் தாளில் எழுதட்டும்.

1811 வாக்கில் இந்தப் பக்கம் பயணம் செய்த ஜான் பிராட்பரி, அரிகரா மக்களிடம் இந்த மரத்து வில்லுக்கு ஒரு குதிரையும் ஒரு போர்வையும் விலை என்று குறித்திருக்கிறார். குதிரையோடு யாராவது வந்தால் யோசிக்கலாம்!

மார்ச் 15, வெள்ளி
320 எழுதிய இளைஞர், எழுதிய பிறகு கேட்கிறார்: "என் இழுப்பு 30 அங்குலம், தாங்குமா?" தாங்காது. 28 என்று தாளில் பெரிதாகவே இருக்கிறது. கேள்வியெல்லாம் பேனாவைத் தொடுவதற்கு முன்பு கேட்கவேண்டும். சங்கச் செயலாளர் அவர் பெயரை அடித்தார். தொகை மறுபடி 300க்கு இறங்கியது. நண்பர் ஒருவர், "சும்மா என் பெயரில் 350 போட்டு ஏற்றிவிடவா?" என்றார். அது திருட்டு என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார், போகட்டும்.

மார்ச் 17, ஞாயிறு
நான்கு மணிக்கு முடிவு. மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஒருவர் பேனாவோடு தாளருகே முளைத்தார். கடைசி ஐந்து நிமிடத்தில் யார் எழுதினாலும் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்பது சங்கத்து விதி. அதனால் அவர் தந்திரம் பலிக்கவில்லை. முன்பு எழுதியவருக்கே 385க்குப் போனது. அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடுவிக்கக் கூடாது என்று சொல்லிக் கையில் கொடுத்தேன்.

தோற்றவர் இதேபோல் இன்னொன்று எவ்வளவு என்றார். அடுத்த வில்லுக்கும் ஆரம்ப விலை 250தான்.