செம்மண் சடக்குக்கு நாலு அப்சோர்பர்

போன வருஷம் ஆடி மாதம். அசாகான் பக்கம் அம்மா பிறந்து வளர்ந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். தார்ச் சாலை முடிந்து செம்மண் சடக்கில் இறங்கி அரைக் கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் தோண்டிவிட்ட பள்ளத்தில் என் ஹைலக்ஸின் பின்சக்கரம் இறங்கியது. ‘டொக்’ என்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம். பின்சீட்டில் அம்மாவின் மடியிலிருந்த அபிஷேகப் பால் சொம்பு கவிழ்ந்து சேலையெல்லாம் நனைந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள், “இனிமே நீ மட்டும் போயி கும்புட்டுட்டு வாய்யா. எனக்கும் சேத்து வேண்டிக்கோ” என்றார். முப்பது வருஷம் அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இப்போது அந்தத் தோட்டத்துச் சடக்குக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறார். எனக்கு அந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை.

தவறு என்னுடையதுதான். அதற்கு ஆறு மாதம் முன்னால் டவுனில் ஒரு கடையில் புது அப்சோர்பர் மாற்றியிருந்தேன். வண்டியை இரண்டு அங்குலம் தூக்கியவர்களுக்கென்று செய்த நீளமான அப்சோர்பரை, தூக்காத என் வண்டியில் மாட்டி அனுப்பிவிட்டார்கள். பளபளவென்று இருந்தது. நானும் கேள்வி கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டேன். என்ன கோளாறு என்பது பிறகுதான் விளங்கியது. பள்ளத்தில் சக்கரம் மேலேறும்போது, அச்சு போய் முட்டுவதற்கென்று சட்டத்தில் ஒரு கட்டி ரப்பர் வைத்திருப்பார்கள். அச்சு அந்த ரப்பரைத் தொடும் முன்பே என் நீள அப்சோர்பர் முழுக்கச் சுருங்கி, உள்ளே பிஸ்டன் அடியில் போய் இடித்திருக்கிறது. ரப்பர் வாங்க வேண்டிய அடியை அப்சோர்பர் வாங்கி, நேராகச் சட்டத்துக்கும் சீட்டுக்கும் அம்மாவின் முதுகுக்கும் அனுப்பியிருக்கிறது.

இந்த வருஷம் ஆடிக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலை மலாக்காவிலிருந்து கிளம்பினோம். பெம்பானில் சின்னம்மா வீடு. அதுவரைக்கும் தார் ரோடு என்பதால் அம்மா வரச் சம்மதித்தார். அங்கிருந்து ஜாசினுக்குக் கூட்டிப் போய் அப்சோர்பரை மாற்றிவிடுவது என் திட்டம். அதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

மலாக்காவில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் அ ஃபமோசா கோட்டை வாசலைக் கிட்டே போய்ப் பார்த்திருப்பீர்கள். துளைதுளையாக, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருக்கும் அந்தக் கல் செம்பாறைக் கல். 1511இல் ஊரைப் பிடித்த போர்ச்சுக்கீசியர் கட்டியது. தோட்டச் சடக்குகளில் கொட்டி நிரவும் சரளையும் அதே இனம்தான். காய்ந்தால் கல், நனைந்தால் சோப்பு. வெயிலில் லாரிகள் ஓடினால் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக எழும்பிவிடும். இந்த வரிகள் ஏன் வருகின்றன என்று கேம்பிரிட்ஜ், டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணலில் சக்கரத்தை உருட்டிப் பார்த்து 2007இல் எழுதினார்கள். ஒரு வேகத்துக்குக் கீழே போனால் வரி எழாது. அதைத் தாண்டினால், சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாவிட்டாலும் எழும் என்பது அவர்கள் கண்டது. தோட்டச் சடக்கில் மெதுவாகப் போ என்று அப்பா காலத்துத் திரெக்டர் ஓட்டிகள் சொன்னதில் நியாயம் இருந்திருக்கிறது.

ஜாசினில் பசியாறினோம். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “என் இடுப்புக்காகவா இவ்வளவு செலவு?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

உபரிச்சாமான் கடைத் தவுக்கே வயதானவர். நான் பிராண்டு பெயர்களை அடுக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “நாக் திங்கி கா, நாக் செடாப்?” என்றார். உயரம் வேண்டுமா, சுகம் வேண்டுமா. மூன்று கடை ஏறியிறங்கிய என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. அடுத்து வண்டியில் என்ன ஏற்றுவேன், எந்த ரோட்டில் போவேன், பின்னால் யார் உட்காருவார்கள் என்று கேட்டார். வாசலில் நின்ற அம்மாவைக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அப்சோர்பர் வண்டியின் எடையைச் சுமக்கிறது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சுமப்பது ஸ்பிரிங். அழுந்திய ஸ்பிரிங் திரும்ப எழும், எழுந்தது திரும்ப அழுந்தும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் அப்சோர்பரின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துவாரங்கள். சக்கரம் ஆடும்போதெல்லாம் எண்ணெய் அந்தத் துவாரங்களின் வழியே பிதுங்கி ஓட வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் வேகமெல்லாம் அங்கே சூடாக மாறிப் போகிறது. வரிவரியான ரோட்டில் வேகமாக ஓடிவிட்டு இறங்கித் தொட்டுப் பார்த்தால் கை சுடும். எண்ணெயோடு காற்று கலந்து நுரைத்துவிட்டால் பிடிமானம் போய்விடும். அதைத் தடுக்கத்தான் உள்ளே அழுத்தத்தோடு நைட்ரஜன் அடைக்கிறார்கள். வேறு சிலர் காற்றுக்கே இடமில்லாமல் நுரைப்பஞ்சு வைத்து நிரப்புகிறார்கள்.

ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா என்பது அடுத்த கேள்வி. ஒற்றைக் குழாய் சீக்கிரம் சூடு ஆறும். வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் அதில் பிஸ்டன் உரசி ஓடுவது வெளியே தெரிகிற அதே குழாயின் உள்சுவரில். சரளைக் கல் தெறித்து ஒரு நெளிவு விழுந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், அப்சோர்பரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் நெளிந்தாலும் உள்குழாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தோட்டத்துக்குள் நான் ஓட்டுவது இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் சூடு எனக்குப் பிரச்சினையே இல்லை, தெறிக்கும் கல்தான் பிரச்சினை. ஆகவே நைட்ரஜன் அடைத்த இரட்டைக் குழாய், வண்டியோடு வந்த அதே நீளம் என்று முடிவு செய்தேன். விலை கூடிய ஒற்றைக் குழாய்தான் எப்போதும் உசத்தி என்று பேசுவோர் உண்டு. அவர்கள் போகிற ரோடு வேறாக இருக்கும்.

ஹைலக்ஸ் மாதிரி வண்டியில் இன்னொரு சங்கடம். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைக் கிட்டத்தட்ட ஒரு டன் சுமக்கும்படி கட்டியிருப்பார்கள். பெட்டி காலியாக இருக்கும்போது அது விறைத்துக்கொண்டு துள்ளும். அதற்கு மேல் கெட்டியான அப்சோர்பரையும் மாட்டினால் பின்சீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான். தவுக்கே முன்னால் வைத்த இரண்டில் மிருதுவானதை எடுத்தேன். அடுத்த ஜோடி வாங்குகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று முன் இரண்டை விட்டுவிடவும் மனம் வரவில்லை. நான்கும் ஒன்றாகவே வாங்கினேன். கடையிலேயே அளவுநாடாவை வைத்து, முழுக்க அமுங்கிய நீளம், முழுக்க விரிந்த நீளம் இரண்டையும் பழைய ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். போன தடவை இந்த இரண்டு அளவைப் பார்த்திருந்தால் அந்தப் பால் கொட்டியிருக்காது.

மாட்டுவதற்கு ஜாசின் தாண்டி சிம்பாங் பெக்கோ போகும் வழியில் ஒரு தமிழர் வொர்க்‌ஷாப். தகரக் கூரை, முன்னால் ஒரு ரம்புத்தான் மரம். ஃபோர்மேன் அண்ணனும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அம்மாவைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்கக்கா, வெயிலு” என்றார். எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். ஐந்து நிமிஷத்தில் இருவருக்கும் தெரிந்த ஒரு கங்காணி பெயர் வந்துவிட்டது.

பழைய அப்சோர்பரைக் கழற்றித் தரையில் போட்டார். அதன் இரு முனையிலும் வளையம். வளையத்துக்குள் ரப்பர் புஷ். அம்மா நாற்காலியிலிருந்து குனிந்து அதை எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்தி, விட்டு, திரும்ப அழுத்தினார். ஓரத்தில் வட்டமாகக் கீறல் ஓடியிருந்தது. மூக்குக்கு அருகே கொண்டுபோய் மோந்துகூடப் பார்த்தார்.

“இது முறுக்கிக் கிழிச்சது. தேஞ்சு போனதில்ல” என்றார்.

ஃபோர்மேன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “எப்படிக்கா கண்டீங்க? அதேதான். வண்டி ஜாக்கியில தொங்கும்போதே போல்ட்ட இறுக்கியிருக்கான்.”

அவர் விளக்கியது இது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அப்சோர்பர் விரிந்து நிற்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் கோணம் மாறுகிறது. ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கிறது, ஓடும்போது இன்னும் முறுக்குகிறது. கொஞ்ச நாளில் கிழிந்துவிடுகிறது. அவர் புது அப்சோர்பரைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக நிறுத்தி, நாலைந்து முறை மெதுவாக அமுக்கி இழுத்து உள்காற்றை மேலே போக்கினார். பிறகு மாட்டி, போல்ட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகு அடியில் படுத்துக்கொண்டு கடைசி இறுக்கு இறுக்கினார். அதற்கு முன், “அக்கா, கொஞ்சம் ஏறி உக்காந்துக்குங்க” என்று அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டார். அம்மாவின் எடை என்ன பெரிய எடை? ஆனாலும் அப்படிச் செய்தார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அம்மா ரப்பரைப் பார்த்துச் சொன்னது எனக்கு ஆச்சரியமில்லை. மலாக்கா நகருக்கு வெளியே புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் 1896இல் ஏறக்குறைய நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று நட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. அடுத்து அசாகானில் பெரிய அளவில் நட்டார். அந்த மரங்களைச் சீவத்தான் எங்கள் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, உளியும் காண்டா வாளியுமாக நடந்து, மங்கு மங்காக எடுத்த பால். செயற்கை ரப்பர் எத்தனையோ வந்தும், அடிபட்டு அடிபட்டு வளைந்தாலும் சட்டென்று கிழியாத குணத்துக்காக, இந்த மாதிரி புஷ்களுக்கு இயற்கை ரப்பரைத்தான் இன்றும் தேடுகிறார்கள். கலிபோர்னியாவில் 1985இல் ஒரு நீதிமன்றக் கட்டடத்தையே இயற்கை ரப்பர் திண்டுகள்மேல் நிறுத்தினார்கள், நிலநடுக்கம் வந்தால் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளட்டும் என்று. அந்த ரப்பர்க் கலவையை உருவாக்கியது மலேசிய ரப்பர்காரர்கள் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வுக்கூடம். பூமி குலுங்குவதையே தாங்கும் பொருளை எடுத்துக் கொடுத்தவர்களின் இடுப்பு, வயதான காலத்தில் ஒரு பள்ளத்துக்குத் தாங்கவில்லை. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு இதில் வருத்தமும் இல்லை. பழைய புஷ்ஷைத் துணியில் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆடி வெள்ளி வந்தது. முந்தின இரவு மழை. காலையில் லேடாங் மலை பாதிவரை மேகத்துக்குள் இருந்தது. 1,276 மீட்டர் மலை, ஜொகூர் எல்லையில் நின்றுகொண்டு அசாகானைப் பார்க்கும். அம்மா பின்சீட்டில், மடியில் பால் சொம்பு. இந்த முறை சொம்பின் வாயில் வாழையிலை கட்டியிருந்தார். என் அப்சோர்பர்மேல் அவருக்கு முழு நம்பிக்கை இல்லை.

அதே பள்ளம் மழைநீர் நிறைந்து கிடந்தது, ஆழம் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து இறக்கினேன். முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரம் இறங்கியது. வண்டி ஒரு முறை தாழ்ந்து, ஒரு முறை எழும்பி, அடங்கிவிட்டது. சத்தமில்லை. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சன்னல் வழியே செம்பனை வரிசைகளை எண்ணுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சீவிய பால்மரங்கள் போய், செம்பனை வந்து எத்தனையோ வருஷம்.

அபிஷேகம் முடிந்து, கூழ் குடித்து, இரண்டு மூன்று பழைய தோழிகளோடு அழுது சிரித்து, மத்தியானம் வண்டியில் ஏறினோம். வந்த வழியே திருப்பப் போனேன். அம்மா பின்னாலிருந்து தோளைத் தொட்டார்.

“நேராப் போய்யா. ஸ்டோரு தாண்டி எறக்கத்துல ஒரு சடக்கு பிரியும் பாரு. அதுலதான் என் நெரை இருந்துச்சு.”

அந்தச் சடக்கு இன்னும் மோசமாக இருந்தது. நாலு சக்கரத்துக்கும் கியரை மாற்றிக்கொண்டு இறக்கத்தில் விட்டேன்.