கொம்பு சரியா வரலைங்க!

எட்டாங்கிளாஸ் படிக்கறப்போ ரெக்கார்டு நோட்டுல ஒரு தவளை வரைஞ்சேன். டீச்சர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது எந்தப் பக்கம்டா தலை?"ன்னு கேட்டாங்க. கிளாஸே சிரிச்சுது. அதுக்கப்புறம் எல்லா படமும் பெரியம்மா பொண்ணு உபயம்தான். காலேஜ்ல முதல் செமஸ்டர் இன்ஜினியரிங் கிராபிக்ஸ். மினி டிராஃப்டரை ஏகே-47 மாதிரி தோள்ல மாட்டிட்டு டவுன் பஸ்ல சீன் போட்டதோட சரி, பேப்பர் புட்டுக்கிச்சு. ரெண்டாவது தடவைதான் க்ளியர் பண்ணேன்.

அப்படிப்பட்டவன் இந்த 28 வயசுல, பகல் பூரா பொட்டி தட்டிட்டு, சாயங்காலம் பையில ஸ்கெட்ச் நோட்டோட அலையறேன்னா அதுக்குக் காரணம் ஒரு மழை.

அவினாசி ரோட்டுல கஸ்தூரி சீனிவாசன் ஆர்ட் கேலரி இருக்குல்ல, அதைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போறேன். உள்ளே போகணும்னு ஒரு நாளும் தோணினதில்லை. போன வருஷம் ஐப்பசி மழையில வண்டியை ஓரங்கட்டிட்டு ஒதுங்கினதுதான். (கஸ்தூரி சீனிவாசனும் நம்மள மாதிரி டெக்னிக்கல் பார்ட்டிதாங்க. ஜவுளித் தொழில்நுட்பக்காரர், 'சிட்ரா'வோட முதல் இயக்குனர். கூடவே நாவல் எழுதினார், திருக்குறளை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தார். மனுஷனுக்கு எங்கே நேரம் கிடைச்சுதோ!)

உள்ளே ஏதோ கண்காட்சி நடந்துட்டு இருந்துச்சு. ஒரு படத்துல சிவப்பும் கறுப்புமா திட்டுத் திட்டா இருந்துச்சு. எர்ரர் மெசேஜ்கூட காட்டாம நின்னு போன ப்ரோக்ராம் முன்னாடி உக்காந்த மாதிரி முழிச்சேன். அடுத்தது வாட்டர் கலர். சுண்ணாம்பு அடிச்ச சுவர், சாத்தின கதவு, சாய்ச்சு வச்ச சைக்கிள். அப்பாடா, இது புரியுதுன்னு கிட்டப் போனா, சைக்கிளோட நிழலை நீலத்துல போட்டிருக்காங்க. நிழல் எங்கேயாவது நீலமா இருக்குமா? அளந்து விடறாங்கன்னு நினைச்சுட்டு மழை விட்டதும் கிளம்பிட்டேன்.

மறுநாள் காலையில பல்லு தேய்ச்சுட்டே பால்கனியில நிக்கறேன். எதிர் அபார்ட்மெண்ட் வெள்ளைச் சுவர்ல தென்னமட்டை நிழல். நீலம்! சத்தியமா நீலம். அப்புறம் தேடிப் படிச்சேன். நிழல் விழற இடத்துல நேர் வெயில்தான் படாது, ஆகாயத்தோட நீல வெளிச்சம் பட்டுட்டேதான் இருக்கும். அதான் அந்த நிறம். மக்களே, 28 வருஷமா நிழல்னா கறுப்புன்னே வாழ்ந்திருக்கேன். கண்ணு இருந்து என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

அன்னைக்கு சாயங்காலமே ஒரு 2பி, ஒரு 6பி, ஒரு ஸ்கெட்ச் நோட்டு வாங்கிட்டேன். முதல்ல கண்ணு வரைஞ்சேன். மாவடு மாதிரி ஒரு வடிவம், நடுவுல வட்டம், அதுக்குள்ள புள்ளி. யாரோட கண்ணுன்னு கேட்டா யாரோடதும் இல்லை. பெட்டி எட்வர்ட்ஸ்னு ஒரு அமெரிக்க ஓவிய ஆசிரியை 1979ல எழுதின புத்தகம் ஒண்ணு ரொம்பப் பிரபலம். அவங்க சொல்றது, நாம பார்க்கறதை வரையறதில்லை, மனசுல இருக்கற கண்ணுங்கற 'ஐகானை' வரையறோம்னு. அதுக்கு அவங்க வைத்தியம், படத்தைத் தலைகீழா வச்சுப் பார்த்து வரையறது. மூளையில இடது பக்கம், வலது பக்கம்னு அவங்க சொல்ற விஞ்ஞானத்தை இப்போ யாரும் அப்படியே ஒத்துக்கறதில்லை. ஆனா வைத்தியம் வேலை செய்யுது. ஆதிமூலத்தோட காந்தி ஒண்ணைக் கவுத்து வச்சு வரைஞ்சேன். 1969ல காந்தி நூற்றாண்டுக்காக அவர் வரைஞ்ச கோட்டோவிய வரிசையில ஒண்ணு அது. கி.ரா.வோட 'கரிசல் காட்டுக் கடுதாசி' படிச்சவங்களுக்கு அந்தக் கோடு ஞாபகம் இருக்கும். நேராத் திருப்பிப் பார்த்தா... காந்தி இல்லை, ஆனா ஒரு தாத்தா இருந்தார் :-)

அப்புறம் ஞாயித்துக்கிழமையானா பேரூர். பட்டீஸ்வரர் கோயில் கனகசபை, 17ஆம் நூற்றாண்டுல அழகாத்ரி நாயக்கர் காலத்து வேலை. சின்ன வயசுல விதானத்துல தொங்கற கல்சங்கிலியை அண்ணாந்து பார்த்துட்டு புளியோதரைக்கு ஓடினதோட சரி. இப்போ யானையை உரிச்சுப் போர்த்தின சிவன் முன்னாடி நோட்டைத் திறந்தா, எங்கே ஆரம்பிக்கறதுன்னே தெரியலை. ரெண்டு மணி நேரம் உக்காந்து ஒரே ஒரு பாதம். அதுவும் விரல் ஆறு வந்துடுச்சு. பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்த பொடியன்தான் எண்ணிச் சொன்னான்.

கட்டம் போட்டு வரையற வித்தை அதுக்கப்புறம் தெரிஞ்சுக்கிட்டது. சின்ன ஸ்டில்லு மேல கட்டம், பெரிய துணி மேல அதே கணக்குல கட்டம், ஒவ்வொரு கட்டமா இறக்கறது. சினிமா பேனர்காரங்க தியேட்டர் உயரத்துக்கு ஹீரோவை நிறுத்தினது இப்படித்தான். நம்ம கோவை ஓவியர் ஜீவா பேனர் குடும்பத்துலேர்ந்து வந்தவர்தான். 'திரைச்சீலை'ன்னு அவர் எழுதின சினிமா புத்தகம் தேசிய விருது வரைக்கும் போச்சு. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் மொத்தமும் சுருட்டிக்கிச்சு. கட்டம் மட்டும் மிச்சம். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. பிக்சல்தானே, நம்ம ஏரியா!

இப்போ மேட்டருக்கு வர்றேன்.

எங்கம்மா ஊரு காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவுல. சிங்காநல்லூர்ல பஸ் ஏறினா ரெண்டரை மணி நேரம். அப்புச்சிக்கு 81 வயசு. கிளுவை வேலி போட்ட கொறங்காடு, கட்டுத்தரையில ஒரு சோடி மயிலை எருது, இதுதான் அவர் உலகம். போன வருஷம் சோடியில ஒண்ணு செத்துப் போச்சு. ஒத்தை எருதை வச்சு வண்டியும் பூட்ட முடியாது. அதுக்கு மேல அப்புச்சிக்குக் கண்ணுல க்ளாக்கோமா. சொட்டு மருந்து போடறதெல்லாம் மிச்சம் இருக்கற பார்வையைக் காப்பாத்தத்தான், போனது திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். "கொழாய்க்குள்ளாற பாக்கறாப்பல இருக்குது கண்ணு"ம்பார். நேரா இருக்கறது தெரியும், பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. தை மாசம் முளைக்குச்சி தட்டி விழுந்துட்டார். மாமா அன்னைக்கே முடிவு பண்ணிட்டார், சித்திரை பொறக்கறதுக்குள்ள எருதைக் குடுத்துடறதுன்னு.

அதுக்குள்ள வரைஞ்சு குடுத்துடணும்னு எனக்கு ஒரு வெறி. போன்ல போட்டோ எடுத்தேன், கட்டம் போட்டேன், ரெண்டு வாரம் ராத்திரி உக்காந்து, ரோமம் ரோமமா ஷேடிங் எல்லாம் பண்ணி, ஊருக்குக் கொண்டு போனேன்.

அப்புச்சி வாசத்திண்ணையில உக்காந்து பேப்பரை மூஞ்சிக்குக் கிட்ட வச்சு, மூலையிலேர்ந்து மூலைக்கு மெதுவா நகர்த்தினார். ஒரு நேரத்துல ஒரு உள்ளங்கை அளவுதான் அவருக்குத் தெரியும். நான் கட்டம் கட்டமா வரைஞ்சதை அவர் கட்டம் கட்டமாப் பார்த்தார். ஒரு பத்து நிமிஷம்.

"ஏங்கண்ணு, இது ஆரூட்டு எருது?"

"நம்முளுதுதானுங்கப்புச்சி."

"பன்னிக்கிக் கொம்பு வெச்சாப்பல இருக்குது."

அம்மா உள்ளேர்ந்து சிரிக்கற சத்தம். அவர் சிரிக்கலை. "மூஞ்சி இத்தாச்சோடு இருக்குமா? திமிலு முன்னங்காலுக்கு நேரா நிக்கோணும் சாமி, நீ ஒட்டகத்துக்கு வெக்கறாப்பல நடு முதுகுல வெச்சிருக்கற. கொம்பு ரெண்டும் ஒண்ணாட்டவே போட்டிருக்கற. வலக்கொம்பு சித்த பொறகால சாஞ்சிருக்கும். கன்னுல வேலில மாட்டுனது. கழுத்துல சுழி எங்க?"

எனக்குக் கொஞ்சம் கோவம்தான். ஷேடிங்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை! நேரா கட்டுத்தரைக்குப் போனேன். வலக்கொம்பு பின்னாடி சாஞ்சுதான் இருந்துச்சு. பத்து வருஷமா அந்த எருதைப் பார்த்திருக்கேன், அது முன்னாடி நின்னு செல்ஃபிகூட எடுத்திருக்கேன். மூஞ்சி பெருசானதுக்குக் காரணம் போன் லென்ஸ். கிட்ட நின்னு எடுத்தா பக்கத்துல இருக்கறது ஊதித் தெரியும். நான் கேமரா பண்ணின தப்பையும் சேர்த்து விசுவாசமாக் காப்பி அடிச்சிருக்கேன்.

போட்டோவைத் தூக்கிப் போட்டுட்டு, அடுத்த மூணு ஞாயித்துக்கிழமை கட்டுத்தரையிலேயே உக்காந்தேன். எருது என்ன பேரூர் சிலையா, அசையாம நிக்க? சோளத்தட்டுக்குத் தலையைக் குனியும், ஈ ஓட்டும், படுத்துக்கும். கொம்பைப் பார்த்துக் கொம்பு வரைஞ்சா வரவே மாட்டேங்குது. ரெண்டு கொம்புக்கும் நடுவுல தெரியற ஆகாயத்தோட வடிவத்தை வரைஞ்சா கொஞ்சம் வந்துச்சு. அப்புச்சி கயித்துக் கட்டில்ல உக்காந்துட்டு கமெண்டரி. பொறக்கறப்போ செவலையா இருந்துச்சு, ஆறு மாசத்துல மயிலை ஆச்சு, எந்த வருஷம் கடை சேர்ந்துச்சு, எந்த நோம்பிக்கு வண்டியில எங்கே போனாங்க, எல்லாம். சுழி எங்கேன்னு எனக்குக் கண்டுபிடிக்க முடியலை. அவர் எந்திரிச்சு வந்து, எருதைப் பார்க்கவேயில்லை, கழுத்து மேல கையை ஓட விட்டு, டக்குனு ஒரு இடத்துல நிறுத்தி, என் விரலைப் புடிச்சு அதுல வச்சார். ரோமம் வட்டமாச் சுத்திட்டு இருந்துச்சு.

மதுரை மனோகர் தேவதாஸ் பத்தி அங்கே உக்காந்திருக்கறப்போதான் அடிக்கடி நினைச்சுக்கிட்டேன். அவருக்கும் பார்வை குழாய் மாதிரி சுருங்கிக்கிட்டே போன நோய். வேற நோய்தான், ஆனா அதோட மல்லுக்கட்டி மதுரையைப் பேனாவுல இழை இழையா வரைஞ்சார். 2022 டிசம்பர்ல இறந்து போனார். அந்தப் படங்கள்ல எவ்வளவு நுணுக்கம்னு வியந்திருக்கேன். ஒவ்வொரு அங்குலமா அவர் எப்படிப் பார்த்திருப்பார்னு யோசிச்சதில்லை.

நாலாவது ஞாயிறு நான் போறப்போ தரகர் வந்திருந்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். துண்டுக்கடியில மாமா விரலைப் புடிச்சார், ரெண்டு பேரும் தலையாட்டினாங்க. முடிஞ்சுது. கொறங்காட்டை ஒட்டி நடத்திட்டுப் போறப்போ எருது ஒரு தடவை நின்னுச்சு, அப்புறம் போயிடுச்சு. அப்புச்சி திண்ணையை விட்டு இறங்கலை. "கயித்த வாங்கிட்டீங்களா?"ன்னு மட்டும் கேட்டார். மாட்டைக் குடுத்தாலும் கயித்தைக் குடுக்கறதில்லை எங்க ஊர்ல. மாமா கொண்டாந்து ஆணியில மாட்டினார்.

படம் அரைகுறையாத்தான் இருந்துச்சு. பின்னங்கால் ரெண்டும் வெறும் கோடு. அப்படியே குடுத்தேன். மறுபடி அதே மாதிரி மூலைக்கு மூலை நகர்த்தினார். திமிலுகிட்ட கொஞ்ச நேரம் நின்னார். கழுத்துகிட்ட வந்ததும் கட்டை விரலால பேப்பரைத் தடவினார், 6பி கையில அப்பிக்கிச்சு. ஒண்ணும் சொல்லலை. மடிச்சு வேட்டி மடிப்புல வைக்கப் போனார், அம்மா ஓடி வந்து புடுங்கி பஞ்சாங்கத்துக்குள்ள வச்சாங்க.

போன வாரம் ஆபீஸ்ல ரிலீஸ் டென்ஷன்ல இருக்கறப்போ மாமா நம்பர்லேர்ந்து போன். பதறிட்டு எடுத்தா அப்புச்சி.

"கண்ணு, ஒறம்பர வந்திருக்குது, உன்ற படத்தக் காட்டிட்டிருந்தனா..."

"சொல்லுங்கப்புச்சி."

"அந்த வலக்கொம்பு இன்னுஞ் சித்த சாயோணும். வாரப்ப அந்தப் பென்சலக் கொண்டா."

பி.கு: 6பி தடவினா கலையாம இருக்க மேலே அடிக்கற ஸ்ப்ரே ஏதோ இருக்காம். கோவையில எந்தக் கடையில கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. சனிக்கிழமை ஊருக்குப் போறேன்.