தோஹாவுக்கு ஒரு விசா

2022 நவம்பர் 9

கத்தாரிலிருந்து அத்தான் விடிந்ததுமே போன் செய்துவிட்டார். விசா ரெடி. சென்னை விசா மையத்தில் மெடிக்கலும் கைரேகையும் முடிந்தால் ஜனவரியில் தோஹா. அம்மா பிள்ளையார் கோயிலுக்கு ஓடினாள். இந்த வாரம்தான் உலகக் கோப்பைக் கால்பந்துத் தூதர் காலித் சல்மான், தன்பாலீர்ப்பு மனதில் ஏற்பட்ட சேதம் என்று ஜெர்மன் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். அதைப் படித்த கையோடு அவன் அத்தானிடம் "சரி" என்றான்.

நவம்பர் 13

தூக்கமில்லை.

நவம்பர் 16

கஜா புயல் அடித்து நாலு வருஷம். கீரமங்கலம் பக்கத்துத் தோப்பில் அன்று ஒரே இரவில் தென்னை அத்தனையும் சாய்ந்தது. புதுக் கன்று காய்க்க நாளாகும். வட்டிக்காரர் அதுவரை பொறுக்கமாட்டார். அவன் போனால்தான் கடன் அடையும். ஆனால் ஆணும் ஆணும் சேர்ந்தால் கத்தார் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை.

நவம்பர் 19

ராத்திரி முழுக்க நாஸ் முகமதுவின் பேட்டிகள். கத்தாரில் கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்து, அமெரிக்காவில் மருத்துவராகி, அங்கேயே அடைக்கலம் கேட்டவர். தான் தன்பாலீர்ப்பாளர் என்று இந்த ஆண்டு பெயரோடும் முகத்தோடும் சொன்னார். அவர் தப்பி வந்த ஊருக்குத்தான் இவன் டிக்கெட் போடப்போகிறான். 2019 முதல் 2022 வரை அங்கே காவலில் கடுமையாக அடித்த ஆறு சம்பவங்களை மனித உரிமைக் கண்காணிப்பகம் போன மாதம் பதிவு செய்திருக்கிறது.

இங்கே 2018 செப்டம்பர் 6-லேயே உச்ச நீதிமன்றம் தன்பாலுறவு குற்றமில்லை என்றுவிட்டது. அந்தச் செய்தி ஓடியபோது அப்பா சேனலை மாற்றினார்.

நவம்பர் 23

ஜெர்மனி–ஜப்பான் ஆட்டம். பாகுபாட்டுக்கு எதிரான 'ஒன் லவ்' பட்டையைக் கையில் கட்டினால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா மிரட்டியிருந்தது. குழுப் படத்தில் ஜெர்மன் வீரர்கள் பதினொரு பேரும் வாயைப் பொத்தி நின்றார்கள்.

கலிஃபா மைதானம் என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 2006 டிசம்பரில், ஆசிய விளையாட்டில், கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கியது அங்கேதான். செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவன் அப்போது ஆறாம் வகுப்பு. சாந்தியைத் தலையில் வைத்துக் கொண்டாடிய டீக்கடையில், பத்து நாள் போவதற்குள் அவர் உடம்பைப் பற்றி வாய் கூசாமல் பேசினார்கள். பெரியப்பா சொன்னதை இன்றும் அவனால் எழுத முடியவில்லை. சாந்திக்கு நேர்ந்தது உடலை வைத்து. இவனுடையது மனசு யாரை நாடுகிறது என்பது. இரண்டும் வேறு. ஆனாலும் தன்னைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று அவன் முடிவெடுத்தது அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான்.

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா டிவியைப் பார்த்தாள். "நம்ம சாந்திப் புள்ள ஓடுன ஊருதானே இது? தங்கமான புள்ள. ஊரே சேந்து அத அழ வச்சோம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஜப்பான் 2–1 என்று ஜெயித்தது.

நவம்பர் 25

தங்கள் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்டு இரண்டு ஆண்கள் போட்ட மனுவில் ஒன்றிய அரசுக்கு உச்ச நீதிமன்றம் நோட்டீஸ். செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டலாமா என்று சாயங்காலம் வரை யோசித்தான்.

நவம்பர் 30

மெடிக்கலுக்குத் தேதி வந்துவிட்டது.

"ரெண்டு வருஷம் இருந்துட்டு வாடா. அதுக்குள்ள பொண்ணு பாத்துருவோம்."

"பொண்ணெல்லாம் வேணாம்மா."

"ஏன்?"

"போயிட்டு வந்து சொல்றேன்."

"வந்து என்னடா சொல்றது? இப்பவே சொல்லு."

அதற்குள் அத்தானின் போன். டிக்கெட்டை எந்தத் தேதிக்குப் போடட்டும் என்கிறார்.