பறக்காத மாதங்கள்



"எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமாவா? டிவி ரிப்பேர் கடை வைக்கலாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்லிக் கேட்டுக் காது புளித்தவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஹிமாச்சலப் பிரதேசத்தில் உள்ள பீர் என்ற மலை ஊருக்குப் போய் வந்தபின் அந்தப் பேச்சு என்னைச் சுடுவதில்லை.

பீருக்கு மேலே, சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், பில்லிங் என்ற இடம். அங்கிருந்து பாராகிளைடரில் பறந்து கீழே பீரில் இறங்குவார்கள். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது. ஆனால் ஆண்டுதோறும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை. அந்த இரண்டு மாதமும் கருவிகளுக்கு ஓய்வு. விமானப்படையில் கருவிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா, அவற்றைப் பத்திரப்படுத்தித் தருகிறார். ஜூன் கடைசியில் நான் அவருக்கு எடுபிடி.

முக்கியமான கருவி வேரியோமீட்டர். ஆகாயத்தில் ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்று நம் உடம்புக்குச் சரியாகத் தெரியாது. கடல் மட்டத்தருகே 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 மில்லிபார் குறையும். அதை அளந்து 'பீப் பீப்' என்று சொல்வது இதுதான். பெட்டியில் அழுத்த உணரிக்காக ஊசி முனை போல ஒரு துளை இருக்கும். நான் அழுக்கு ஊத ஏர் பம்ப்பை எடுத்தேன்.

"டேய் தம்பி, வேண்டாம்! அந்த வேகத்துல உள்ளே இருக்கிற சவ்வு போயிடும். மெத்துன்னு பிரஷ்ஷால துடை. துளையை டேப் போட்டும் மூடாதே" என்றார்.

அடுத்து பேட்டரி. அல்கலைன் செல் என்றால் கழற்றியே ஆக வேண்டும். விட்டுவைத்தால் ஒழுகி, காண்டாக்ட் தகடுகளை அரித்துவிடும். லித்தியம் பேட்டரியை முழு சார்ஜிலும் வைக்கக்கூடாது, காலியாகவும் விடக்கூடாது. பாதி சார்ஜ்தான் சரி. ஒவ்வொன்றிலும் வோல்ட்டேஜும் தேதியும் எழுதி ஒட்டினோம். ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைத்தோம். திசைகாட்டியை மட்டும் ஸ்பீக்கர் காந்தத்திலிருந்து தள்ளி வைத்தோம்.

அப்போதுதான் ஒரு வேரியோமீட்டரின் பின்மூடி லேசாக உப்பியிருந்ததைப் பார்த்தேன். உள்ளே லித்தியம் செல் வீங்கியிருந்தது. உரிமையாளர் ஒரு டேண்டம் பைலட்.

"டிஸ்ப்ளே வருதே, அப்படியே கட்டி வையுங்க. புது செல் அடுத்த சீசன்ல பார்த்துக்கலாம்" என்றார் ஹிந்தியில்.

சித்தப்பா மறுத்துவிட்டார். "வீங்கின செல் ரெண்டு மாசத்துல தீப்பிடிச்சா இந்த அலமாரியே போச்சு. பிடிக்கலைன்னாலும், செப்டம்பர்ல இதை நம்பி நீங்க பறப்பீங்க. உங்க முன்னாடி ஒரு டூரிஸ்ட் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இதெல்லாம் தெரியாது."

பைலட் கோபமாகத்தான் போனார். மறுநாள் காலை புது செல்லுக்குப் பணத்தோடு வந்தார். பழைய செல்லை நாங்கள் அலமாரிக்குள் வைக்கவே இல்லை. வெளியே ஒரு மணல் வாளியில் போட்டு வைத்தோம்.

தடை முடிந்ததும் உடனே பறந்துவிட முடியாது. மாதக்கணக்கில் அணைந்து கிடந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைப் பிடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். அதைத் திறந்த வெளியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். உயரமானியைப் புறப்படும் இடத்தின் உயரத்துக்குத் திருத்த வேண்டும். ரேடியோவைப் பேசிப் பார்க்க வேண்டும்.

பறக்கிறவன் பெயரை ஊர் சொல்லும். பெட்டி கட்டியவன் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த 'பீப்' சத்தத்தில் ஒரு டெக்னீஷியனின் நேர்மை இருக்கிறது. நாம் படிப்பது அந்த வேலைக்குத்தான்.

நண்பர்களே, நம் லேபிலும் மல்டிமீட்டர்கள் இருக்கின்றன. விடுமுறைக்குப் போகும் முன் அவற்றின் 9 வோல்ட் பேட்டரிகளைக் கழற்றி வைப்போம். அடுத்து வரும் ஜூனியர்கள் நம்மை வாழ்த்தட்டும்!