நகக்கண்

நெருங்கிய உறவை 'நகமும் சதையும் போல' என்பர். சதையின் நலிவை நகம் முன்கூட்டியே அறிவிக்கும் என்பதை நாம் அண்மையில்தான் கற்றுக்கொண்டோம்.

எமது பங்கு இல்லத்தில் நெடுநாளாகச் சமையல் செய்துவரும் அம்மையாரின் விரல் நகங்கள் மெலிந்து பிளக்கத் தொடங்கின. "பாத்திரம் தேய்க்கிற கைதானே, சாமி" என்று அவர் சிரித்தார். நாமோ இரக்கம் மேலிட, நகத்துக்கும் முடிக்கும் நல்லதென்று மருந்துக்கடையில் விற்கும் பயோட்டின் மாத்திரை டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். கடமை முடிந்ததென்ற நிறைவும் கொண்டோம்.

மூன்று மாதங்கள் சென்றன. நகங்கள் தேறவில்லை, நடுவே குழிந்து கரண்டி போலாயின. படியேறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. அதன் பின்னரே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

மருத்துவர் அம்மையாரின் கீழிமையை விலக்கிப் பார்த்தார், வெளிறியிருந்தது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகையாக இருக்கலாம் என்றார். மாத்திரை டப்பாவைக் கண்டதும் அவர் முகம் மாறியது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். முட்டை, நிலக்கடலை போன்ற உணவிலேயே அது கிடைத்துவிடும். அந்த மாத்திரை ஒன்றிலோ 10,000 மைக்ரோகிராம்! இத்தகைய மிகுதி, தைராய்டு முதலான சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே பிறழச் செய்யக்கூடும். மாரடைப்பைக் கண்டறியும் சோதனையும் அதற்கு விலக்கன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ஆம் ஆண்டில் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. ஆகவே மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்தே இரத்தம் எடுத்தார்கள். மருத்துவரின் ஐயம் உறுதியாயிற்று.

"வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று அவர் வினவினார்.

"சாமிக்குப் பரிமாறிவிட்டு, இருக்கிறதைச் சாப்பிடுவேன் ஐயா."

நாம் தலைகுனிந்தோம். மீனும் கீரையும் எமது தட்டுக்கு வந்தன. அவருக்கு எஞ்சியது சோறும் இரசமும். உடனே ஒரு குவளைத் தேநீர். உணவோடு அருந்தும் தேநீர், அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைத்துவிடுமாம்.

இப்போது அவர் மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை உண்கிறார். மதிய உணவை இருவரும் ஒரே நேரத்தில், ஒரே குழம்பை ஊற்றி உண்கிறோம். தொடக்கத்தில் அவர் மிகவும் கூசினார்.

விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே வளரும். முழுதும் புதிதாக ஆறு மாதமாவது ஆகும். அடியில் தோன்றும் புதிய நகம் குழிவின்றி வருகிறது. அதைக் காணும்போதெல்லாம் மகிழ்ச்சியோடு ஓர் உறுத்தலும் எழுகிறது: மாத்திரை வாங்கித் தர முந்திய நாம், "சாப்பிட்டாயிற்றா அம்மா?" என்று ஒரு நாளேனும் கேட்கவில்லையே!