கேபிளை கட் பண்ணினார்கள்... ஆயாவை யாரும் கேட்கவில்லை!

ஏப்ரல் 15. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசியபடி வரிசையாகக் கட்டிக்கிடக்கும் நாள். மீன்களின் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் விதிக்கப்படும் 61 நாள் தடைக்காலம் அன்றுதான் தொடங்குகிறது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தப் படகுகளில் வேலைபார்ப்பவர்களின் வீடுகளில் அன்று இரவே ஒரு கணக்கு நடக்கும். எதை நிறுத்தலாம், எதைத் தள்ளிப்போடலாம், எதைக் கடன் சொல்லலாம்?

2025-ல் ராயபுரம் பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு வீட்டில் அந்தக் கணக்கு நடந்தபோது, முதலில் சிக்கியது கேபிள் பில்.

``மாசம் 300 ரூபா வேஸ்ட்டுப்பா. எல்லாமே இப்போ ஆப்ல வருது" என்றான் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த பேரன். அவனுக்கு ஐ.பி.எல் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. ``அப்போ அத்தை பாக்குற சீரியல்?" என்று மருமகள் கேட்டார். ``அதுவும் ஆப்ல இருக்கும்மா" என்று பேரனே பதில் சொல்லிவிட்டான்.

ஆயா அங்கேதான் இருந்தார். வாசலோரம் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. மறுநாள் கேபிள் பெட்டியைக் கழற்றி பீரோ மேல் வைத்தார்கள்.

எழுத்து தெரியாது... எண் தெரியும்!

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால், எண்ணில் அவரை ஏமாற்ற முடியாது. முப்பது வருடம் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து விற்றவர். எந்தக் கூடை எவ்வளவுக்குப் போகும், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவருக்கு மனக்கணக்கு. அதனால் டிவி ரிமோட் அவருக்குச் சுலபமாகக் கைவந்தது. சாயங்காலம் ஒரு நம்பர், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நம்பர், நியூஸுக்கு ஒரு நம்பர். மூன்று நம்பர்களை வைத்துக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தன் பொழுதைத் தானே நடத்திக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டின் முதல் கலர் டிவியே ஆயா பெயரில் வந்ததுதான். 2006 தேர்தலில் தி.மு.க வாக்குறுதி கொடுத்து, அந்த வருடம் செப்டம்பர் 15-ம் தேதி வழங்கத் தொடங்கிய இலவச 14 இன்ச் டிவி. ரேஷன் கார்டோடு வரிசையில் நின்று வாங்கிவந்தவர் அவர். அது பழுதாகி, இப்போது சுவரில் மாட்டியிருப்பது தவணையில் வாங்கிய ஸ்மார்ட் டிவி.

செல்போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு, அந்த டிவியில் பேரன் ஆப்களைத் திறந்து காட்டினான். ஆயா கொஞ்ச நேரம் பார்த்தார்.

``இன்னாடா இது, படம் படமா கீது... நம்பர் எங்க?"

``நம்பர் இல்ல ஆயா. இப்படித் தள்ளிக்கினே போய், வேணும்ங்கறதை அமுக்கணும்."

``எது வேணும்னு எனக்கு இன்னாடா தெரியும்? எல்லாம் இங்கிலீஷ்ல கீது."

மூன்று சேனலுக்கு மூன்று ஆப்

முதல் வாரத்திலேயே கணக்கும் இடித்தது. சன் டிவி சீரியல் பார்க்க ஒரு ஆப், விஜய் டிவிக்கு இன்னோர் ஆப், ஜீ தமிழுக்கு மற்றோர் ஆப். கேபிளில் பக்கத்துப் பக்கத்து நம்பராக இருந்தவை, இங்கே தனித்தனிக் கடைகளாக இருந்தன. ஒவ்வொரு கடைக்கும் தனிச் சந்தா.

2025 பிப்ரவரியில் ஜியோ ஹாட்ஸ்டார் தொடங்கியபோது, மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்று ஒரு பிளான் இருந்தது. பேரன் அதைத்தான் போட்டிருந்தான். அது செல்போனுக்கு மட்டுமானது என்பது, டிவியில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டிவியிலும் பார்க்க வேண்டும் என்றால் அப்போது 299 ரூபாய் பிளான் போட வேண்டியிருந்தது. நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய் மாதப் பிளானும் இதே கதைதான். செல்லிலும் டேப்பிலும் ஓடும், டிவியில் ஓடாது.

அடுத்தது டேட்டா. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் வீடியோ பார்க்கவே கிட்டத்தட்ட 1 ஜி.பி வரை இழுக்கும், ஹெச்.டி என்றால் 3 ஜி.பி வரை போகும். தினமும் ஒன்றரை ஜி.பி கிடைக்கிற ரீசார்ஜில், ஆயாவின் எட்டு மணி சீரியல் பாதியில் சுற்ற ஆரம்பித்துவிடும். அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினால் டிவியும் அவரோடு கிளம்பிவிடும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. செய்தி சேனல்கள் பலவும் யூடியூபில் நேரலையாக இலவசமாகவே வருகின்றன. மாதச் சந்தாவே இல்லாத தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 2004-லிருந்து இருக்கிறது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்க ஒருமுறை செலவு செய்தால் போதும். மருமகள் அதையும் விசாரித்துப் பார்த்தார். ஆயா பார்க்கும் சீரியல் எதுவும் அதில் இல்லை.

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மணியானால், ``காத்தாட உக்காந்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். மே மாதப் புழுக்கத்தில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

எதிர்வீட்டு வாசல்

ஒரு ராத்திரி, தண்ணீர் கேன் வாங்கிக்கொண்டு படியேறிய மகன் பார்த்தார். இரண்டு மாடி கீழே ஒரு வீட்டின் வாசற்படியில் ஆயா உட்கார்ந்திருந்தார். உள்ளே அந்த வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தட்டைப் பார்க்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்று, ஆயா ஒருக்களித்துத் திரும்பி, கதவிடுக்கு வழியே டிவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகனுக்கு அந்த வாசற்படி புதிதல்ல.

2003 செப்டம்பர் 1-ம் தேதி சென்னையில் `கேஸ்' என்ற முறை வந்தது. கட்டணச் சேனல்கள் வேண்டும் என்றால் செட்டாப் பாக்ஸ் வாங்கியாக வேண்டும். இலவசச் சேனல்களுக்கு மாதம் 72 ரூபாய், வரி தனி. டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் தள்ளிப்போன திட்டம், சென்னையில் மட்டும் அன்று அமலுக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பெட்டி வாங்க முடியாமலும், வாங்க மனமில்லாமலும் பெரும்பாலான வீடுகள் இருந்துவிட்டன. தமிழ்ச் சேனல்கள் தெரிந்தன. கட்டண விளையாட்டுச் சேனல்கள் மறைந்தன. அதோடு கிரிக்கெட்டும்.

அப்போது அவருக்கு 15 வயது. பெட்டி வைத்திருந்த ஒரு வீட்டு வாசலில் நின்று மேட்ச் பார்ப்பார். ஒருநாள் அந்த வீட்டில் இருந்தவர் ஏதோ சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். மீன் விற்று வந்த கூடையோடு அதைப் பார்த்த அம்மா, ஒரு வார்த்தை பேசாமல் அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தார். ``இன்னொருத்தர் வூட்டு வாசல்ல நின்னு எதுவும் பாக்காதடா" என்று மட்டும் அன்று ராத்திரி சொன்னார்.

22 வருடம் கழித்து, அதே அம்மா இன்னொருத்தர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் கூப்பிடவில்லை. சத்தம் போடாமல் படியேறி வந்து, தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டு, பீரோ மேலிருந்த பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

``ஜூன்ல குடு, போதும்!"

மறுநாள் காலையில் கேபிள்காரரைத் தேடிப் போனார். மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒயர் இழுத்த காலத்திலிருந்து அந்த ஏரியாவில் வசூலுக்கு வருபவர் அவர். இப்போது அவருடைய பையன்கள் அதே வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் இழுக்கிறார்கள்.

``ணா, கனெக்‌ஷன் திரும்பக் குடுக்கணும். ஆனா இப்போ கையில..."

``தடைக்காலம்னு தெரியாதா எனக்கு? ஜூன்ல குடு, போதும். ஆயாவுக்கு எது எது வேணும்னு சொல்லு, அதை மட்டும் போட்டுடலாம்."

முன்பெல்லாம் ஒயரை மாட்டினால் படம் வந்துவிடும். எல்லாம் டிஜிட்டல் ஆன பிறகு, ஒவ்வொரு பெட்டியையும் ஆன் செய்ய ஆபரேட்டர் தன் கணக்கிலிருந்து முன்கூட்டியே பணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஆக, `ஜூன்ல குடு' என்று அவர் சொன்னது அவருடைய சொந்தப் பணத்தை. எந்த ஆப்பும் தடைக்காலத்துக்குக் கடன் சொல்லாது. சந்தா முடிந்த நிமிடமே திரை இருண்டுவிடும்.

`எது வேணும்' என்று அவர் கேட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. 2019 பிப்ரவரியில் ட்ராய் கொண்டுவந்த விதிப்படி, பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் கட்டலாம். அப்போது 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அடுத்த வருடம் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்றானது. 2024-ல் ட்ராய் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டதால், இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனாலும், தேவையான சேனலைத் தனியாகத் தேர்வு செய்யும் உரிமை அப்படியேதான் இருக்கிறது. பெரிய பேக்கை வாங்கிவிட்டுப் பாதிச் சேனல்களைப் பார்க்காமலே காசு கட்டுகிற வீடுகள்தான் அதிகம். அந்த வீடும் அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தது.

ஆயாவிடம் முதல்முறையாகக் கேட்டார்கள். அவர் விரல்விட்டு எண்ணினார். மூன்று கட்டணச் சேனல்கள். நியூஸ் இலவசத்திலேயே வருகிறது. பழைய பில்லில் ஏறக்குறைய 80 ரூபாய் குறைந்தது. பேரனின் கிரிக்கெட் அவன் செல்லில், கணக்கு சரியாகிவிட்டது.

``சீரியல் போடுடா!"

அதற்காக ஆயா ஆப் பக்கமே போகவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு வருடம் முன்பே அவருக்கு அதில் ஒரு ருசி கிடைத்திருந்தது. 2021 ஜூலையில், கொரோனாவால் தியேட்டர்கள் மூடியிருந்தபோது, `சார்பட்டா பரம்பரை' அமேசான் பிரைமில்தான் வெளியானது. 1970-களின் வடசென்னை குத்துச்சண்டைக் கதை. வீட்டில் இருந்த ஒரே நல்ல போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, நான்கு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ``எங்க ஏரியா கதைய இத்துனூண்டு பொட்டியில காட்றானே" என்று திட்டிக்கொண்டே ஆயா கடைசிவரை பார்த்தார்.

இந்த லீவில் பேரன் அவருக்கு ரிமோட்டில் இருக்கும் மைக் பட்டனைக் காட்டிக்கொடுத்தான். அமுக்கிவிட்டுத் தமிழிலேயே கேட்கலாம். ஆயா அமுக்கினார்.

``சீரியல் போடுடா!"

திரையில் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சீரியல் லைட்டுகளாக வந்து நின்றன. வீடே சிரித்தது. ஆயாவும் சிரித்தார். அதன் பிறகு பேரன் ஒரு வேலை செய்தான். விட்டுப்போன எபிசோடு வருகிற ஆப்பின் நிறம் எது, அது இடமிருந்து எத்தனையாவது கட்டம் என்று ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு, நான்கு, ஐந்து. திரும்பவும் மூன்று நம்பர்கள். இந்த முறை ஆயா ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது. ஐஸும் டீசலும் ஏற்றிய படகில் மகனும் கிளம்பினார். கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அவர் போனுக்கு சிக்னல் கிடைக்காது. அந்த நாள்களில், கடலில் காற்று எப்படி என்று வீட்டுக்குச் சொல்வது டிவிதான்.

மறுநாள் சாயங்காலம் மருமகள் வேலைக்குப் போயிருந்தார். பேரன் போனோடு எங்கோ விளையாடப் போயிருந்தான். ஆயா ரிமோட்டை எடுத்தார். நியூஸ் நம்பரை அழுத்தினார். வானிலை வரும்வரை காத்திருந்து, மீனவர்களுக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். எச்சரிக்கை எதுவும் இல்லை.

டிவியை அணைத்துவிட்டு, வாசலில் காத்திருந்த கேபிள்காரருக்குப் பணம் எடுக்க உள்ளே போனார்.